பெரியவர் மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை

எங்கள் மலையூர் கொச்கோரில் எந்த வண்டி இருமினாலும் என் ஷெட்டுக்குத்தான் வரவேண்டும். நாரின் போகும் சாலையில், மாவு மில்லைத் தாண்டியதும், இரண்டு இரும்புக் கன்டெய்னர்களை ஒட்டிவைத்து நடுவே குழி தோண்டிய இடம். தோண்டியதும் நான், ஒட்டிவைத்ததும் நான். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன்தான். ஆனால் கண்ணைக் கட்டி எஞ்சின் பக்கத்தில் நிறுத்தினால் எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல இதைவிடப் பெரியவை என்னிடம் உண்டு. அதில் ஒன்று என் மருமகள் புருல். இது அவளைப் பற்றியது. நான் நடுநடுவே வருவேன், தவிர்க்க முடியாது.

புருல் சாயெக் ஊர்க்காரி. கல்யாணத்துக்கு முன் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தாள். ஹெட்போனைக் காதில் வைத்தபடியே, இன்ன இடத்தில் கம்பி நனைந்திருக்கிறது என்று லைன்மேனுக்குச் சொல்வாளாம். போனவன் கம்பத்தில் ஏறிப் பார்த்தால் அப்படியே இருக்குமாம். செல்போன் வந்தது, எக்ஸ்சேஞ்சைப் பூட்டினார்கள். அந்த நேரம் பார்த்து என் மகன் கனாத் அந்த ஊரில் வண்டி ரிப்பேராகி நின்றான். வாய் திறக்காத பையன், பேசத் தெரிந்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். என் தேர்வு என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன்.

வந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று, அடுப்புக்கும் அவளுக்கும் ஆகாது. மாவுத் துண்டு பொரித்தால் வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. என் மனைவி சுயும்கான் அதைக் கோழிக்குப் போட்டாள். கோழியும் யோசித்தது. ஆனால் சலவை மிஷின் நின்ற அன்று, நான் ஷெட்டிலிருந்து வருவதற்குள் அதைப் பிரித்து, எலி கடித்த ஒயரை ஒட்டி, துவைத்துக் காயவும் போட்டிருந்தாள். மறுநாளே அவளை ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். நல்ல ஆளைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பவன் நான்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்கள் பக்கம் கெலின், அதாவது ஒரு வீட்டுக்கு வந்த மருமகள், மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது. பெயர் மட்டுமல்ல, அந்தப் பெயரில் உலகத்தில் ஒரு பொருள் இருந்தால் அதையும் சொல்லக்கூடாது. பக்கத்துத் தெருவில் ஒரு மாமனாருக்கு இரும்பு என்று பெயர். அவர் மருமகள் கடப்பாரை கேட்பதைக் கேட்டால் ஏதோ விடுகதை போடுகிறாள் என்று நினைப்பீர்கள். அவள் பாடு எவ்வளவோ தேவலை. என் பெயர் உச்குன். எங்கள் பேச்சில் அதற்குத் தீப்பொறி என்று அர்த்தம். எஞ்சினுக்குள் பிளக் நுனியில் அடிக்கிறதே, அதற்கும் அதே சொல்தான். வண்டி மின்சார வேலைக்கு வந்த மருமகள் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லியாக வேண்டிய சொல்.

எங்கள் பக்கம் புழங்குகிற ரஷ்ய மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறதே என்பீர்கள். புருலும் முதல் நாள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். சுயும்கான் அந்தக் கதவையும் சாத்தினாள். மொழி வேறாக இருந்தால் என்ன, ஆள் ஒருத்தர்தானே என்றாள். ஆகவே புருல் தானே ஒரு சொல் வைத்துக்கொண்டாள்: பெரியவர். சிலிண்டரை என் ஷெட்டில் ஆரம்பம் முதலே வீடு என்போம். முதல் வீடு, இரண்டாவது வீடு, இப்படி. அது நான் வைத்த பெயர். பெரியவர் முதல் வீட்டுக்கு வருகிறார், இரண்டாவது வீட்டில் சோர்ந்திருக்கிறார் என்று அவள் சொன்னால் கனாத்துக்குப் புரியும், எனக்குப் புரியும், வேலை நடக்கும். பத்து வருடமாக நடந்தது.

பிறகு வண்டியின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வந்தது. பால் கறக்கிற ஒரு குதிரையை விற்றுத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். அந்தக் குதிரையின் பாலைப் புளிக்கவைத்துத்தான் சுயும்கான் கோடை முழுவதும் உறவுக்காரர்கள் முன் தலை நிமிர்ந்திருந்தாள். எனவே ஒரு நிபந்தனை போட்டாள். அந்தப் பெட்டியால் வீட்டுக்கு ஒரே ஒரு தலைகுனிவு வந்தாலும் பெட்டி சூ ஆற்றுக்குப் போகும், மருமகள் அடுப்படிக்கு வருவாள். புருல் சரி என்றாள். அடுப்படியை நினைத்து அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஊரில் அந்தப் பெட்டியை மந்திரிக்கிற பெட்டி என்று எண்ணிக்கொண்டார்கள். வண்டியை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டர் போட்டுக் கொடுங்கள் என்பார்கள், ஊசி போடச் சொல்வதைப் போல. இது மருந்து இல்லை, நாடி பார்க்கிறது என்று புருல் தினமும் சொல்லுவாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் செருகினால் வண்டி தனக்குத் தெரிந்ததைச் சொல்லும்: பாட்டரியில் எத்தனை வோல்ட், எஞ்சின் எத்தனை சுற்று, எந்த வீட்டில் எத்தனை முறை தீ தவறியது. கடைசியில் ஒரு பிழை எண் காட்டும். மற்ற ஷெட்களில் அந்த எண்ணைப் பார்த்ததும் பிளக்கை மாற்று, காயிலை மாற்று என்று இறங்கிவிடுவார்கள். பிழை எண் பஜார்ப் பேச்சு மாதிரி. எந்த வீட்டில் சண்டை என்பதைச் சரியாகச் சொல்லும். எதனால் சண்டை என்பது அதற்குத் தெரியாது.

அதற்குத்தான் பெட்டியின் இன்னொரு பாதி. பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயிலின் மேல், பெட்டியோடு வந்த ஒரு பட்டையை வைத்தால் திரையில் கோடு ஓடும். தரையோடு தரையாக வந்து, திடீரென ஊசி மாதிரி எழும்பி, சட்டென்று இறங்கிச் சின்னத் திட்டு போல நின்று, இரண்டு மூன்று தடவை நடுங்கி அடங்கும். ஊசி என்றால் மின்சாரம் பிளக் இடைவெளியைத் தாண்டுகிறது. திட்டு என்றால் எரிந்துகொண்டிருக்கிறது. ஊசி அளவுக்கு மீறி உயர்ந்து திட்டு சிறுத்தால் இடைவெளி அகலமாகிவிட்டது, பிளக் தேய்ந்திருக்கும். ஊசி குட்டையாகித் திட்டு நீண்டால் மின்சாரம் குறுக்கு வழியில் கசிகிறது. ஊசியே எழவில்லையென்றால் காயிலுக்கு உத்தரவே போய்ச்சேரவில்லை. எனக்குத் திரையில் உள்ள வெளிநாட்டு எழுத்து எதுவும் படிக்கத் தெரியாது. கோட்டைப் படிக்க எழுத்து எதற்கு?

போன இலையுதிர் காலத்தில் எசென்குல் வந்தான். ஜப்பான்காரன் ஓட்டித் தள்ளிய ஏழு பேர் வண்டியை வைத்துக்கொண்டு நாரினுக்கு ஆள் ஏற்றுகிறவன். சமதரையில் வண்டி பாட்டுப் பாடும். தொலோன் மேட்டில் ஏறத் தொடங்கியதும் உதறி, இழுத்து, பயணிகளைப் பிரார்த்தனை செய்யவைக்கும். மூன்று இடங்களில் காட்டியிருந்தான். எல்லாரும் ஒரே பிழை எண்ணைப் பார்த்தார்கள், மூன்றாவது வீட்டில் தீ தவறுகிறது. பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள். தொலோன் மேடு மட்டும் மாறவில்லை.

நின்ற இடத்தில் வராத வியாதியை நின்ற இடத்தில் பார்க்க முடியாது, நான் கூடவே வருகிறேன் என்றாள் புருல். பட்டைகளைக் காயில்களின் மேல் கட்டி, ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். எசென்குல் காலி வண்டியை மேட்டில் ஏற்றுகிற ஆளா? சீட்டுக்குச் சீட்டு ஆள் ஏற்றினான். புருலுக்கு நேர்பின்னால் அனார்கான் உட்கார்ந்தாள். காய்ந்த தயிர் உருண்டை விற்கிறவள். உருண்டையைவிடச் செய்தி அதிகம் விற்கிறவள்.

மேடு தொடங்கியதும் புருல் ஷெட்டிலிருந்த கனாத்துக்குப் போன் போட்டாள். இதெல்லாம் எசென்குல் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னது.

"கேக்குதாங்க? பெரியவரு மொத வீட்டுக்கு ஒழுங்காப் போறாரு. ரெண்டாவது வீட்டுலயும் கொறையில்ல. நாலாவது வீட்டுலகூட நல்லாத் தெம்பா இருக்காரு."

பின்சீட்டில் அனார்கான் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மூணாவது வீட்டுக்குத்தான் போறதே இல்ல. சமதரையில போயிட்டுத்தான் இருந்தாரு, மேடு வந்ததும் நின்னுட்டாரு. இல்லங்க, சோர்வு இல்ல, ஆளே இல்ல. பாதி வழியில யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. மத்த வீட்டுக்கெல்லாம் கொஞ்சம் தாமதமாப் போறாரு, மேடாச்சே, அது தப்பில்ல. மூணாவது வீட்டுக்குப் போக வேண்டியதெல்லாம் போய்ச் சேருது, அத்தனையும் வீணு. இவரு வந்தாத்தானே?"

அனார்கான் அவள் தோளைத் தொட்டாள். "ஏ கெலின், உங்க மாமியாருக்கு இது தெரியுமா?"

புருலின் கண் திரையில் இருந்தது. பெட்டியைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். "அவங்களுக்கு எதுக்குக்கா இதெல்லாம். நானும் அவரு புள்ளையும் சேந்து சரி பண்ணிடுவோம்."

"எத்தன நாளா நடக்குது?"

"ரொம்ப நாளாவே இருக்கும் போல. மூணு எடத்துல சொல்லிப் பாத்திருக்காங்க, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல."

வண்டி நாரினைத் தொடுவதற்கு முன்பே செய்தி கொச்கோரைத் தொட்டுவிட்டது. அனார்கானிடமும் போன் இருக்கிறது.

அன்று நான் பஜாருக்குப் போயிருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. என்னைவிட மூத்தவர்கள்கூட இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மரியாதை எனக்குப் புதிதல்ல, ஆகவே வாங்கிக்கொண்டேன். இறைச்சிக் கடை ஷெர்அலி ஆட்டு வால் கொழுப்பில் நல்ல துண்டாக வெட்டிக் கையில் வைத்தான். "தெம்பு வேணுமில்ல, அக்சக்கால்" என்றான், மூத்தவர்களை அழைக்கும் சொல்லால். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணாவதக் கைவிட்டுட்டீங்களாமே?" என்று கேட்டான்.

ஷெட்டுக்கு மூன்றாவதாக ஒரு கன்டெய்னர் வாங்கவேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்கிறான் என்று எண்ணினேன்.

"யாரு சொன்னது? எடம் பாத்துக்கிட்டிருக்கேன். பனி கரையட்டும், பளிச்சுனு ஒண்ணு வெச்சுடறேன்."

ஷெர்அலி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

வீட்டுக்குப் போனேன். சுயும்கான் தேநீர்க் கிண்ணத்தை விளிம்பு தொட ஊற்றி வைத்தாள். எங்கள் பக்கம் பாதிக் கிண்ணம்தான் மரியாதை. பாதி பாதியாக ஊற்றிக்கொண்டே இருந்தால் இரு, பேசு என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். நாற்பது வருடத்தில் என்னிடம் அவள் அப்படி ஊற்றியதில்லை. கை தவறிவிட்டது என்று நினைத்துக் குடித்தேன். இரண்டாவது கிண்ணமும் விளிம்பு வரை வந்தது.

"நீ போகாத வீட்டுக்கு எதுக்குச் செலவு?" என்றாள்.

நாற்பது வருடமாக 'நீங்க'. அன்றைக்கு 'நீ'. எனக்குத் தேநீர் மூக்கில் ஏறியது.

புருல் திரும்பி வந்தபோது வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. குற்றம் என்னோடு நிற்கவில்லை. நாலு வீட்டுக் கதையும் தெரிந்து, கணக்காகப் பார்த்து, மகனுக்குப் போனில் சொல்லி, மாமியாரிடம் மறைத்தவள் மருமகள். பெரிய குற்றவாளி அவள்தான். விஷயம் புரிந்ததும் புருலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நிலைமையை மேலும் கெடுத்தது.

"அம்மா, அந்தப் பெரியவரு இந்தப் பெரியவரு இல்லம்மா."

"இந்த வீட்டுல எத்தன பெரியவரு இருக்காங்க?"

"நாலு வீட்டுக்கும் ஒருத்தருதான்மா. ஆனா..."

"கேட்டுக்கிட்டியா," என்று சுயும்கான் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் முடிந்துபோகும். புருல் அதைச் சொல்லவில்லை. பத்து வருடம் கட்டிக்காத்ததைப் பயத்தில் விட்டால், மாமியாருக்கு அதுவே இன்னொரு தலைகுனிவு. சுயும்கானாலும் கேட்க முடியாது, கணவன் பெயருக்கு அவளுக்கும் அதே தடை. இரண்டு பெண்களும் 'அவரு', 'அவரு' என்று ஒருவரைச் சொல்லி ஒருவரைப் புரிந்துகொண்டு நின்றார்கள். என் பெயரைச் சொல்ல உரிமை உள்ளவன் அங்கே நான் ஒருவன்தான். சொன்னேன், விளக்கமாகவே சொன்னேன். அகப்பட்டவன் சொல்லும் விளக்கத்துக்கு என்ன மதிப்பு உண்டோ அதுதான் கிடைத்தது. கனாத் வழக்கம்போலப் பேசவில்லை.

சுயும்கான் தீர்ப்புச் சொன்னாள். நாளைக்குப் பெட்டி ஆற்றுக்கு. மருமகள் நாளையிலிருந்து அடுப்படிக்கு.

புருல் சிரிப்பை நிறுத்தினாள். பெட்டியை நானே பாலத்துக்குத் தூக்கி வருகிறேன் என்றாள். ஆனால் அதற்கு முன் ஷெட்டுக்கு ஒரு முறை வந்து அந்த மூன்றாவது வீட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள் என்றாள். வீட்டைப் பார்க்கலாம் என்றால் எந்தப் பெண்தான் மாட்டேன் என்பாள்?

காலையில் சுயும்கான் விசேஷத்துக்குப் போவது போல வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தாள். ஷெட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. எசென்குலின் வண்டி குழிமேல் நின்றது, அவனும் பக்கத்தில் நின்றான். புருல் எஞ்சினை ஓடவிட்டு நாலு பட்டைகளையும் வைத்து, பெட்டியை மாமியார் கையிலேயே கொடுத்தாள். திரையில் நாலு வரிசையாகக் கோடு ஓடியது. ஒவ்வொன்றிலும் ஊசி எழுந்து எழுந்து இறங்கியது.

"இதுதான் நாலு வீடு. இதுல குத்திக்கிட்டு எழும்புதே, அதுதான்மா பெரியவரு. ஒவ்வொரு வீட்டுக்கா போயிட்டு வர்றாரு."

சுயும்கான் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். 

புருல் கனாத்துக்குக் கண்காட்டினாள். அவன் கடப்பாரையை அடியில் கொடுத்து எஞ்சினை மெல்லப் பின்பக்கம் சாய்த்தான். மேடு ஏறும்போது எஞ்சின் அப்படித்தான் சாயும், அதைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சாயும். மூன்றாவது வரிசையில் ஊசி பொசுக்கென்று காணாமல் போனது. மற்ற மூன்றும் எழுந்துகொண்டிருந்தன. எஞ்சின் உதறியது. கடப்பாரையை எடுத்தான், ஊசி திரும்பி வந்தது.

"மறுபடி," என்றாள் சுயும்கான். மறுபடி செய்தார்கள். அவள் இப்போது பெட்டியை விட்டுவிட்டு எஞ்சினுக்குள் தலையை நீட்டினாள். மூன்றாவது காயிலுக்குப் போகிற ஒயரை எசென்குல் குதிரைமுடிக் கயிற்றால் வண்டியின் உடம்போடு இறுக்கிக் கட்டியிருந்தான். பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோனதாம், அவன் அப்பா திரித்த கயிறாம், அறவே அறாதாம். உண்மைதான், கயிறு அறவில்லை. எஞ்சின் சாயும்போதெல்லாம் கயிறு விட்டுக்கொடுக்காமல் ஒயரை இழுக்க, உள்ளே இருந்த கம்பி, செருகும் முனையை விட்டு விலகியது. மூன்று ஷெட்களிலும் ஒயரைக் கழற்றிக் காயிலை மாற்றி, திரும்பவும் அதே கயிற்றைப் பத்திரமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குதிரைமுடிக் கயிற்றை அறுக்க எங்கள் ஆட்களுக்குக் கை வராது.

சுயும்கானுக்கு வந்தது. ஆட்டுத் தோல் உரிக்கிற கத்தியை எசென்குலிடம் வாங்கி ஒரே இழுப்பில் அறுத்தாள். புருல் ஒயர் முனையைச் சரிசெய்து செருகினாள். கனாத் மறுபடி எஞ்சினைச் சாய்த்தான். நாலு ஊசியும் விடாமல் எழுந்தன.

"போயிட்டாரா?" என்று கேட்டாள் சுயும்கான்.

"போயிட்டாரும்மா."

அவள் திரையை மூக்கருகே கொண்டுபோய் அந்த ஊசியை நன்றாகப் பார்த்தாள். அரிசிமணி உயரம் இருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவுதானா நீங்க?"

'நீங்க' திரும்பி வந்துவிட்டது. அதன் பிறகு அவள் சிரித்த சிரிப்பில் தலைத்துணி அவிழ்ந்தது. எசென்குல் சிரிப்பை மறைக்கக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். கனாத்கூடச் சத்தமாகச் சிரித்தான், அவன் குரலை ஷெட்டில் நாங்கள் கேட்டது அபூர்வம்.

பெட்டி ஆற்றுக்குப் போகவில்லை. ஆனால் சுயும்கான் தீர்ப்பை மாற்றுகிற ஆளில்லை, திருத்துகிற ஆள். புருல் ஷெட்டிலேயே இருக்கலாம், பெரியவர் என்ற சொல் மட்டும் இனி வாயில் வரக்கூடாது என்றாள். இனிமேல் சேவல். ஏன் சேவல் என்று நானே கேட்டேன்.

"அதுவும் நேரத்துக்கு முந்திக் கூவும். அது கூவினாத்தான் விடியுதுன்னும் நெனச்சுக்கும்."

எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. சேவல் அழகான பறவை.

அனார்கானிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. சுயும்கான் பஜாரில் அவளை நிறுத்தி, அது அவரில்லை, வேறு அவர் என்று தொடங்கினாள். இரண்டு வாக்கியத்துக்குள் பேச்சு முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது. கடைசியில் சட்டைக் கையைப் பிடித்து ஷெட்டுக்கே இழுத்து வந்து காட்டினாள். அனார்கான் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தாள், பிளக்குக் குழியில் விரலை விட்டுப் பார்த்தாள். ஏமாந்த முகத்தோடு போனாள். போய், மூன்றாவது வீட்டைத் தான் நேரில் பார்த்ததாகவும் அது ரொம்பச் சின்ன வீடு என்றும் பஜாரில் சொன்னாளாம்.

அதற்குப் பிறகு வண்டியே இல்லாத பெண்களும் பெட்டியைப் பார்க்க ஷெட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஆண்களை வண்டியோடு அனுப்பினார்கள். மூன்றாவது கன்டெய்னர் வந்துவிட்டது, அது புருலுக்கு. அடுப்பு கிடையாது, அவளே வேண்டாம் என்றாள். காலையில் நான் போகும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கிருந்தோ வந்த வண்டிக்காரன் வாயைப் பிளந்து நிற்க, ரெண்டாவது வீட்டில் சேவலுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பிளக்கைக் கழற்றுங்க என்று கனாத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள்.